ஏவலில் தொடங்கும் தமிழ்

திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் மேற்படிப்புக்காக பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக்குப் போனாள். அவள் போன கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டு மாடி அறைக்கு ஒடிசாவின் கந்தமால் மலைப்பக்கத்திலிருந்து சில இளைஞர்கள் குடிவந்தார்கள். கடலோரத்தில் வளர்ந்தவள் மலை சூழ்ந்த ஊரில் வழி தேடினாள். மலையில் வளர்ந்தவர்கள் கடலோரத்தில் வழி தேடினார்கள். இரு தரப்புக்கும் போன இடத்து மொழி தெரியாது. அந்த வீட்டுக்கார அக்கா ராத்திரியில் மகளிடம் வீடியோ காலில் "இன்னா துன்ன கண்ணு, கடையில எப்டி கேட்ட" என்று விசாரிப்பார். விடிந்ததும் மோட்டார் போட மாடிக்குப் போய், குப்பையை எங்கே கொட்டவேண்டும் என்று அந்தப் பையன்களுக்குக் கைஜாடையில் காட்டிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

கிரெனோபிள் ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, இசேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் சமதளத்தில் இருக்கிறது. வடக்கே சார்த்ரூஸ், கிழக்கே பெல்தோன், மேற்கே வெர்கோர் என்று மூன்று மலைத்தொடர்கள். எந்தத் தெருவில் நின்றாலும் முனையில் ஒரு மலை நிற்கும். "கடல் எந்தப் பக்கம்னு தெரியாம எப்டிண்ணா நடக்கிறது?" என்று கேட்டாள். எங்கள் பிள்ளைகளுக்குத் திசையே அதுதான். கிழக்கே கடல், மேற்கே தண்டவாளம், நடுவில் நெடுஞ்சாலை. கண்ணைக் கட்டி விட்டாலும் வீடு வந்து சேர்வார்கள். அவள் மலைகளின் பெயர்களைக் கற்று, எது எந்தப் பக்கம் என்று மனத்தில் பதித்துக்கொண்ட பிறகுதான் தன் அறைக்குத் தனியாகத் திரும்பினாளாம். ஆற்றைக் கடந்து பஸ்தீய் கோட்டை மேட்டுக்கு 1934 முதல் ரோப்கார் ஓடுகிறது. அதில் ஏறிப் போய், கீழே ஊர் முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததும் பாதி பயம் போய்விட்டது என்றாள்.

மீதி பயம் ரொட்டிக் கடையில் இருந்தது. உள்ளே போனதும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டியிருக்கிறாள். கடைக்காரப் பெண்மணி முகம் கொடுக்காமல் அடுத்தவரிடம் திரும்பிவிட்டார். வகுப்பில் கேட்டபோதுதான் விவரம் தெரிந்தது: அந்த ஊரில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் போன்ழூர் என்று வணக்கம் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மறுநாள் சொன்னாள், ரொட்டியும் கிடைத்தது, ஒரு சிரிப்பும் கிடைத்தது.

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ள கிரெனோபிளில் 1896-லேயே ஒரு குழு அமைத்துவிட்டார்கள். பிறமொழிக்காரர்களுக்கு பிரெஞ்சு கற்பிக்கும் வேலை அங்கே நூறாண்டு கடந்த வேலை. இவளுக்குப் பல்கலைக்கழகமே வகுப்பு வைத்தது. முதல் நாளே மரியாதைப் பன்மையில் பேசப் பழக்கினார்கள். ஒருமையில் அழைப்பதெல்லாம் நட்பான பிறகு. குடியேற வருகிறவர்களுக்கு அரசே ஓர் ஒப்பந்தம் போட்டு, தேவையைப் பொறுத்துப் பல நூறு மணி நேரம் இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. அந்த ஏற்பாட்டின் பின்னால் தேர்வும், குடியிருப்பு அனுமதியை மொழியோடு முடிச்சுப் போடுகிற கெடுபிடியும் இருக்கின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வகுப்பறை என்று ஒன்று இருக்கிறது, அதில் ஆசிரியர் இருக்கிறார், அவர் வணக்கத்தில் தொடங்குகிறார்.

மாடிப் பையன்கள் தமிழ் கற்ற இடம் வேறு. அவர்கள் வீட்டில் பேசுவது குயி மொழி. பள்ளியில் படித்தது ஒடியா. ரயிலிலும் வேலைத்தளத்திலும் ஒட்டிக்கொண்டது கொஞ்சம் இந்தி. எங்கள் பக்கம் வந்ததும் எல்லோரும் அவர்களை இந்திக்காரப் பசங்க என்றார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து மீஞ்சூர் வரை எந்த ரயில் நிலையப் பலகையிலும் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்து. அவர்கள் பள்ளியில் எழுதிப் பழகிய வட்டமான ஒடியா எழுத்து எதிலும் கிடையாது. தமிழ் அவர்களுக்கு நான்காவது மொழி. அதை அவர்களுக்குக் கொடுத்தவர் மேஸ்திரி. தூக்கு, இறக்கு, பிடி, விடு, நில்லு, ஓரமா போ, சீக்கிரம், நாளைக்கு வா. வந்த புதிதில் அவர்கள் காதில் விழுந்த தமிழ் இவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அவர்களில் இளையவன் படியிறங்கி வந்து, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்காவிடம் நிமிர்ந்து நின்று, தெளிவாக, "அம்மா, மேல வா. தண்ணி வரல. சீக்கிரம் வா" என்றான். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாடகைக்கு வந்தவன் என்னையே வா போன்றான் பாரு" என்று என்னிடம் வந்து பொருமினார். அந்தப் பையனின் முகத்தை நான் பார்த்தேன். தமிழில் முழுசாக ஒரு சேதி சொல்லிவிட்ட நிறைவு அதில் இருந்தது. இந்த ஊரில் அவனிடம் ஒருவர்கூட 'வாங்க' என்று சொன்னதில்லை. கேட்டிராத மரியாதையை அவன் எங்கிருந்து எடுத்துத் தருவான்? அக்காவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனைக் கூப்பிட்டு, "அம்மா, வாங்க. சொல்லு பாப்போம்" என்றார். அவன் சொன்னான். ஆட்டோக்காரர், தேநீர்க் கடைக்காரர், எதிர்வீட்டுக் குழந்தை என்று அந்த வாரம் முழுக்க எதிர்ப்பட்ட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே திரிந்தான்.

ஏவல் சொற்களை மட்டும் கொடுத்து வேலை வாங்குவது உலகத்தில் புதிதல்ல; அதில் நம் முன்னோரே சிக்கியிருக்கிறார்கள். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் இந்தச் சென்னைக் கரையிலிருந்து கூலி ஒப்பந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறக்கியது. நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போன முதல் கப்பல் அது. இறங்கியவர்களில் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்தார்கள். துரையின் ஆங்கிலமும் தெரியாது, ஊர்க்காரரின் சூலுவும் தெரியாது. அந்தப் பகுதியில் ஃபனகலோ என்று ஒரு கலப்புப் பேச்சு உருவாகி, பின்னாளில் சுரங்கங்களுக்கும் பரவியது. கட்டளையிடவும் கட்டளைக்குக் கீழ்ப்படியவும் மிகப் பொருத்தமான பேச்சு. அதைக் கொண்டு ஒரு மனிதனை வேலை வாங்கலாம். அவன் மனைவி எப்படியிருக்கிறாள் என்று கேட்பது கடினம். இலங்கையிலும் மலேயாவிலும் கங்காணிகள் நடுவில் நின்றார்கள். துரை பேசுவது கூலிக்குப் புரியாது, கூலி பேசுவது துரைக்குப் புரியாது. இருவருக்கும் புரிய வைக்கிறவன் கையில் அதிகாரமும் கமிஷனும் சேர்ந்தன. இன்றைக்கு எண்ணூரிலும் மணலியிலும் காட்டுப்பள்ளியிலும் அந்த இடத்தில் லேபர் கான்ட்ராக்டர் நிற்கிறார்.

அதை நேரில் கண்டது ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில். எனக்கு முன்னால் ஓர் இளைஞன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவர் எத்தனை நாளாக வலி என்று கேட்டார். அவன் தலையாட்டினான். வாந்தி உண்டா? தலையாட்டினான். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஓர் எண்ணை அழுத்தி, மருத்துவரிடம் நீட்டினான். மறுமுனையில் கான்ட்ராக்டர். "ஒண்ணுமில்ல சார், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கல. ஒரு ஊசி போட்டு அனுப்புங்க, ஷிஃப்ட் இருக்கு" என்ற குரல் பின்னால் நின்ற எனக்கே கேட்டது. மருத்துவர் நல்லவர். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வலி அவனுடையது, அதைப் பற்றிப் பேசும் உரிமை இன்னொருவரிடம் இருந்தது.

சென்னை பிறந்ததே இப்படி நடுவில் நின்றவர்களால்தான். துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, மசூலா படகுகள் அலையில் தூக்கிப் போட்டு ஆட்களைக் கரை சேர்க்கும். புதிதாக இறங்கும் ஆங்கிலேயனுக்கு வீடு, பல்லக்கு, வேலையாள், கடன் எல்லாம் பார்த்துத் தருகிறவர் இரு மொழி பேசும் துபாஷி. அவரில்லாமல் அவனால் ஒரு வேளை சாப்பிடமுடியாது. பச்சையப்ப முதலியார் அந்த வேலையில்தான் பொருள் சேர்த்தார். அவர் விட்டுச்சென்ற அறக்கட்டளையில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வடசென்னையின் பெரம்பூரில் 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளை சிறுவயதிலேயே புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சுக்காரர் நடுவில் வளர்ந்து, ஆளுநர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி ஆனார். பகல் முழுக்க வேற்று மொழிக்காரர்களின் காரியம் பார்த்தவர், 1736 முதல் தன் நாட்குறிப்பைத் தமிழில் எழுதிவைத்தார்.

ஆள வந்தவர்கள் துபாஷியை எப்போதும் நம்பியிருக்க விரும்பவில்லை. 1812-இல் கிழக்கிந்தியக் கும்பினியின் அதிகாரி எல்லிஸ் முன்னின்று புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். நம் ஆட்கள் அதைச் சென்னைக் கல்விச் சங்கம் என்றார்கள். கும்பினி வேலைக்கு வரும் இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் பிற மொழிகளும் அங்கே கற்பித்தார்கள். சம்பளம் வாங்கும் முன்ஷிகள், அச்சிட்ட புத்தகங்கள், தேர்வுகள் என்று எல்லாம் இருந்தன. 1838 ஜனவரியில் சென்னையில் இறங்கிய பாதிரியார் கால்டுவெல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே தங்கித் தமிழ் கற்று, அதன்பின் நடந்தே தெற்கே போனார். அவருக்கு அந்த அவகாசம் கிடைத்தது.

இதனால் தமிழுக்கு விளைந்த நன்மையும் உண்டு. அந்தக் கல்லூரியின் தலைமைத் தமிழாசிரியர் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் ஆக்கினார், 1826-இல் அச்சானது. பிற்பாடு அது தமிழ்ப் பிள்ளைகளுக்கே பள்ளிப் பாடமாயிற்று. தமிழ் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, பாட்டுக்கும் உரைக்கும் வெளியே தெளிவாகவும் நேராகவும் ஒரு தமிழை எழுதவேண்டிய தேவை வந்தது. இன்று நாம் எழுதும் உரைநடையின் தொடக்க முயற்சிகளில் அதற்கு இடமுண்டு. வந்தவனுக்குக் கற்பித்து நம் மொழி தேய்ந்ததாக வரலாறு இல்லை.

இந்தக் கரை ஒரு மொழியில் மட்டும் என்றைக்கும் இருந்ததில்லை. ராயபுரத்தில் கடல் தொழிலாளர்களான லஸ்கர்கள் 1829-இல் கட்டிய புனித பேதுரு ஆலயம் இருக்கிறது. சிறிது தள்ளி 1910 முதல் எரியும் பார்சிகளின் நெருப்புக் கோயில். கர்நாடக இசையின் தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார், தெலுங்கில். அம்மன் கேட்டுக்கொண்டாள்.

1962-இல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளை எல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்தவர்கள் நம்மவர்கள்தான். எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியமர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பலர் படித்தது பர்மிய எழுத்தில். சொந்த ஊருக்கே அந்நியராக வந்து இறங்கினார்கள். மனம் ஒப்பாமல் சிலர் தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பக் கிளம்பி, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு. எண்ணூரில் பர்மிய நூடுல்ஸான அத்தோ போடும் ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். அவசரத்தில் காசை எண்ணும்போது வாய் தானாகப் பர்மிய எண்ணுக்குப் போய்விடும். சிறுமியாக இங்கே வந்த புதிதில் அவர் வாயைத் திறந்தால் ரேஷன் வரிசையில் சிரிப்பார்களாம். பக்கத்துக் குடிசைக்காரப் பெண் ஒருத்தி தினமும் கடைக்குக் கூட்டிப்போய், சாமானைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லித் தந்திருக்கிறாள். இப்போது அசாம், பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் தட்டோடு வந்து நிற்கும்போது பாட்டி "உக்காருங்க, இன்னா வேணும்" என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திக் கேட்கிறார். அந்த வட்டாரத்தில் நான் பார்த்த ஒரே தமிழ் வகுப்பு அதுதான்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். காரணத்தை விசாரிக்கவேண்டியவர்கள் விசாரிக்கட்டும். அந்த உயரத்தில் நிற்கிறவனுக்குக் கீழேயிருந்து ஓர் எச்சரிக்கை போனால் அது எந்த மொழியில் போகும் என்பது மட்டும் அன்றிரவு முழுக்க என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இது சட்டத்துக்குத் தெரியாத விஷயமுமல்ல. 1979-ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், கான்ட்ராக்டர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் தரவேண்டும், அவனது வேலை, கூலி, பிடித்தம் எல்லாம் அதில் அவன் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. மாடியில் குடியிருந்தவர்களிடம் கேட்டேன். அப்படி ஒரு புத்தகத்தை அவர்கள் கண்ணால் கண்டதில்லை.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ நடந்ததையெல்லாம் இங்கே நடந்ததாகக் காட்டினார்கள். காவல்துறை மறுத்தது, இந்தியிலும் அறிவித்தது. மாடிப் பையன்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தமிழில் 'இது உண்மையா?' என்று கேட்க வழியில்லை. நம்மிடம் இருந்த மொழியில் 'பயப்படாதீர்கள்' என்று சொல்லவும் வழியில்லை. அக்கா சோற்றுப் பாத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் முடியவில்லை.

சொல்லிக்கொடுத்தால் இங்கேயே நிலைத்துவிடுவார்கள், நம் பிள்ளைகளின் வேலை போய்விடும் என்று என் நண்பர்களே சொல்கிறார்கள். இந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. வடசென்னையில் வேலையில்லாமல் நிற்கும் பையன்கள் என் உறவுக்காரர்கள். ஆனால் கூலி குறைவது எதனால்? பக்கத்தில் நிற்கும் தமிழ்த் தொழிலாளி என்ன வாங்குகிறான் என்று கேட்கத் தெரியாத ஆளைக் கொண்டுவருவதால். அவன் கேட்கக் கற்றுக்கொண்டால் குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பது கடினமாகும். சங்கத்தில் சேர்வான், கூட்டத்தில் பேசுவான். ஊமையாக இருக்கும்வரை மட்டுமே அவன் மலிவு.

இந்தியைத் திணிக்கிறார்கள், இவர்களுக்கு நாம் தமிழ் கற்றுத்தரவேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 1939-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்று உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இதே வடசென்னையில் மூலக்கொத்தளத்தில் உறங்குகிறார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது அரசாணையை. கந்தமாலிலிருந்து வந்த குயி மொழிக்காரன் நம்மேல் எதையும் திணிக்க வரவில்லை. அவனே இந்தியை வழியில் பொறுக்கிக்கொண்டவன். அவனை 'வடக்கன்' என்று பொதுப்பெயரில் ஒதுக்குகிறவர்கள் தமிழைக் காப்பாற்றவில்லை. நாம் கற்பிக்காவிட்டால் அவனுக்கும் நமக்கும் நடுவே இந்தியே பேச்சுமொழியாகிவிடும். எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் அது ஆகியும்விட்டது.

கேரளம் செய்து காட்டியிருக்கிறது. அங்கே எழுத்தறிவு இயக்கம் 2017 ஆகஸ்ட் 15 அன்று பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, 'ஹமாரி மலையாளம்' என்று ஒரு பாடப்புத்தகமும் போட்டு, வேலை முடிந்து வரும் தொழிலாளர்களுக்குக் கற்பித்தது. பக்கத்து வீட்டில் நடந்தது நம்மால் முடியாதா? தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சி தொடங்கியிருக்கிறது. நல்லது. பெரியவர்களுக்கு ஒன்றுமில்லை.

திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர், மணலி எங்கும் மாநகராட்சிப் பள்ளிகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கின்றன. கிளை நூலகங்களில் நாற்காலிகள் இருக்கின்றன. வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள், தொழிற்சங்கத் தோழர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வடசென்னையில் நிறையவே இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை போதும். எழுத்தில் தொடங்கவேண்டாம். எனக்கு வலிக்கிறது, எனக்குப் புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள், என் சம்பளம் எங்கே, இந்த வேலை ஆபத்தானது, செய்யமாட்டேன் என்பவற்றில் தொடங்கலாம். மேஸ்திரி அவர்களுக்குக் கொடுக்காத வாக்கியங்கள் அவை. இந்த இதழைப் படிக்கிறவர்களில் பலர் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்பது எனக்குத் தெரியும். இடம் கேட்டு மாநகராட்சிக்கு நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போடவும், அதன்பின் கரும்பலகை முன்னால் நின்று சொல்லிக்கொடுக்கவும் வாருங்கள்.